ஸ்காபரோவில அகதிக் கேஸோட இருக்கிற குடும்பத்துக்கு: எந்தப் பேப்பர், எந்தத் திகதி, ஆரிட்டப் போறது

போன மாசம் ஒரு தம்பி சொப்பிங் பாக் நிறையப் பேப்பரோட என்னட்ட வந்தவர். மனுசியும் ரெண்டு பிள்ளையளுமா ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கிறார். பாக்கை மேசையில கொட்டினா பீட்சா ஃபிளையர், இன்டர்நெட் பில், பள்ளிக்கூடக் கடிதம், எல்லாத்துக்கும் அடியில உடைக்காத ஒரு பிரவுன் என்வலப், ஐஆர்பியில இருந்து, அதுதான் அகதிக் கேஸை விசாரிச்சு முடிவு சொல்லுற சபை. மேல் வீட்டுக்காரர் தபால் பெட்டியில இருந்து எடுத்து ஷூ ராக்குக்கு மேல வைச்சிருக்கிறார், அது மூண்டு கிழமையா அங்கயே கிடந்திருக்குது. உடைச்சுப் பார்த்தா ஹியரிங் திகதி. நல்ல காலம், இன்னும் பதினெட்டு நாள் இருந்துது.

அண்டைக்குத்தான் இதை எழுதி வைக்கோணும் எண்டு நினைச்சன். நான் லோயர் இல்லை. கன வருஷமா ஆக்களுக்கு ஃபோம் நிரப்பிக் குடுக்க, அப்பொயின்ட்மென்டுக்குக் கூடப்போய்க் கதைக்க எண்டு ஓடித்திரியிற ஆள், அவ்வளவுதான். நான் பார்த்த அளவில, கதையை நம்பாமல் கேஸ் விழுந்தால் கூட மனசு ஆறும், ஆனா திகதி தவறி, அட்ரஸ் மாத்தினதைச் சொல்லாமல் விழுந்த கேஸை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். இது ஒன்ராறியோவில இருக்கிற ஆக்களுக்கு எழுதினது, மற்ற மாகாணங்களில சில விசயம் வேற. சட்டமும் மாறிக்கொண்டே இருக்குது, அதால இதை வாசிச்சிட்டு லோயரிட்டப் போங்கோ, லோயருக்குப் பதிலா இதை வைச்சிருக்காதேங்கோ.

முதல்ல ஒண்டு மனசில இருக்கட்டும், நீங்க இங்க ஆரிட்டயும் பிச்சை கேட்க வரேல்லை. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் சிங் எண்ட வழக்கில ஒரு தீர்ப்புக் குடுத்தது, இந்த மண்ணில நிக்கிற ஆருக்கும் உரிமைச் சாசனம் பொருந்தும், அகதி எண்டு கேட்கிற ஆளின்ர கதையை நேர கேட்காமல் தள்ளிவிட ஏலாது எண்டு. அதுக்கு அடுத்த வருஷம்தான் எங்கட ஆக்கள் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில லைஃப் போட்டில மிதந்து வந்தவை. 2010ல சன் சீ கப்பல்ல வந்த 492 பேரும் இதே வழியாலதான் கேஸ் நடத்தினவை. நீங்க இருக்கப்போற அந்த ஹியரிங் கதிரை அப்படி வந்த கதிரைதான்.

சரி, எங்க கேட்கிறது? எயார்போட்டிலயோ எல்லையிலயோ வந்து இறங்கின உடன கேட்கலாம், உள்ளுக்க வந்த பிறகு ஒன்லைன்ல ஐஆர்சிசி, அதாவது குடிவரவுத் திணைக்களத்தின்ர போர்ட்டலாலயும் கேட்கலாம். அமெரிக்காவில இருந்து தரை எல்லையால வாற ஆக்களுக்குத்தான் பெரிய சிக்கல். 2004ல இருந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்குது, முதல் கால் வைச்ச பாதுகாப்பான நாட்டிலதான் அகதி கேட்கோணும் எண்டு, 2023 மார்ச் 25ல இருந்து அதை முழு எல்லைக்கும் நீட்டிப்போட்டினம். குறுக்கு வழியால உள்ளுக்க வந்து பதினாலு நாளுக்குள்ள கேட்டாலும் திருப்பி அனுப்பலாம். இதுக்கு விதிவிலக்கு, கனடாவில சொந்தம் இருந்தா. ஆனா எங்கட சொந்தம் வேற, அவையின்ர சொந்தம் வேற. மனுசன், மனுசி, தாய் தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்த ஆக்கள், பேரன் பேத்தி, அம்மப்பா அப்பம்மா, மாமன் மாமி, சித்தப்பா பெரியம்மா, மருமக்கள், பெறாமக்கள், இவ்வளவும் சரி. பெரியம்மாவின்ர மகன், அத்தையின்ர மகன், இவையள் இல்லை, கசின் எண்டா கணக்கில வராது. அப்பாவின்ர ஒண்டுவிட்ட தம்பியையும் நாங்க சித்தப்பா எண்டுதான் கூப்பிடுறம், எல்லையில நிண்டு சித்தப்பா எண்டு சொன்னா ஒஃபிஸர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்து ஒரே தாய் தகப்பனோ எண்டு கேட்பார். எல்லைக்குப் போக முதலே இதைச் சரியாப் பார்த்துக்கொள்ளுங்கோ, ஏனெண்டா திருப்பி விட்டா ரெண்டாம் தரம் கேட்க விடமாட்டினம்.

விசிட்டர் விசாவில வந்து, பார்ப்பம் பார்ப்பம் எண்டு இழுத்தடிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. 2025ல அரசாங்கம் பார்லிமென்டுக்குக் கொண்டுவந்த சட்டமூலத்தில, 2020 ஜூன் 24க்குப் பிறகு முதல் முதல் கனடாவுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிக் கேட்கிற கேஸ் ஐஆர்பிக்கே போகாது எண்டு இருக்குது. ஊருக்கு அனுப்ப முதல் ஆபத்து இருக்கோ எண்டு பார்க்கிற வேற வழி ஒண்டு இருக்கு, ஆனா அது ஹியரிங் மாதிரி இல்லை. அதால ஆரின்ரயோ வாய்க்கதையைக் கேட்டுக்கொண்டு இருக்காமல், உங்களுக்கு இது பொருந்துமோ எண்டு லோயரிட்ட இந்தக் கிழமையே கேளுங்கோ.

லோயர் எண்டா காசு எண்டு பயப்பிடாதேங்கோ. லீகல் எயிட் ஒன்ராறியோ அகதிக் கேஸுக்கு உதவி செய்யும், 1-800-668-8258 அடிச்சு "டமில் இன்டர்பிரெட்டர்" எண்டு சொன்னா ஆளைப் போட்டுத் தருவினம். வருமானம் கேட்பினம், கதையைச் சுருக்கமாக் கேட்பினம், சரியெண்டா சேர்ட்டிஃபிகேட் தருவினம், அதை எடுக்கிற லோயரை நீங்களே தெரிவு செய்யலாம். இதை நல்லா மனசில வைச்சிருங்கோ: சேர்ட்டிஃபிகேட் எடுத்த லோயர் அதே வேலைக்கு உங்களிட்ட மேல்காசு வாங்கக்கூடாது. "லீகல் எயிட் தாறது காணாது, கையில ஒரு ரெண்டாயிரம் தாங்கோ" எண்டு கேட்டா லீகல் எயிட்டுக்கே அடிச்சுச் சொல்லலாம். லீகல் எயிட் தராட்டி சமூக சட்ட உதவி நிலையங்கள் இருக்குது, தெற்காசிய ஆக்களுக்கெண்டே சால்கோ இருக்குது. எங்க போறதெண்டே தெரியாட்டி 211 அடியுங்கோ, அதுவும் தமிழில கதைக்க ஒழுங்கு செய்வினம்.

பிளாசாவுக்குள்ள ஒரு அறை எடுத்து இமிக்ரேஷன் கன்சல்டன்ட் எண்டு போர்ட் போட்டிருக்கிற எல்லாரும் கன்சல்டன்ட் இல்லை. லைசென்ஸ் இருக்கிற ஆளின்ர பெயர் கன்சல்டன்ட்மாரின்ர கொலிஜ் வெப்சைட்ல இருக்கும், லோயர் எண்டா ஒன்ராறியோ லோ சொசைட்டி லிஸ்ட்ல இருக்கும், ரெண்டும் ஒரு நிமிஷ வேலை. கன்சல்டன்ட்மாரிலயும் எல்லாருக்கும் ஐஆர்பிக்கு முன்னால வர அனுமதி இல்லை. ஒருத்தர், பெயர் வேண்டாம், ஒரு குடும்பத்துக்கு பிஓசி ஃபோமில, அதுதான் ஏன் அகதி கேட்கிறம் எண்டு கதையை எழுதிக் குடுக்கிற ஃபோம், ஆரோ வேற ஆளின்ர கதையையே போட்டுக் குடுத்தவர், ஊர்ப் பெயரை மட்டும் மாத்தி. இவையள் இங்கிலீஷ் தெரியாமல் கையெழுத்து வைச்சிட்டினம். அதை நேராக்க நாங்கள் பட்ட பாடு!

அந்த பிஓசி ஃபோம்தான் உங்கட கேஸின்ர முதுகெலும்பு. எயார்போட்ல கேட்ட ஆக்களுக்கு அதை எப்ப குடுக்கோணும் எண்டு கையில தந்த பேப்பரில திகதி போட்டிருக்கும், உள்ளுக்க இருந்து ஒன்லைன்ல கேட்கிறவை அதோடயே ஏத்தோணும். கதையை முதல்ல தமிழில நீங்களே கொப்பியில எழுதுங்கோ, பிறகு லோயரிட்டப் போங்கோ. இங்கிலீஷில எழுதி முடிய, முழுக்க தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, ஒரு வரி விடாமல், அதுக்குப் பிறகுதான் கையெழுத்து. வெறும் ஃபோமில கையெழுத்து வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். குடும்ப விபரத்தில எல்லாப் பிள்ளையளையும் போடுங்கோ, ஊரில அம்மம்மாவோட நிக்கிற பிள்ளை, முதல் கலியாணத்துப் பிள்ளை, எல்லாரையும். வெக்கத்திலயோ ஏஜென்சிக்காரன் சொன்னானெண்டோ மறைச்சா, பிறகு அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் பண்ணவே ஏலாமல் போகலாம்.

இனி அட்ரஸ். இதைத்தான் நான் ஆகக் கூடக் கத்துறது. வீடு மாறினா ஐஆர்பிக்கு ஒருக்கா, ஐஆர்சிசிக்கு ஒருக்கா, எல்லைக் காவலான சிபிஎஸ்ஏக்கு ஒருக்கா, மூண்டு இடத்துக்கும் தனித்தனியாச் சொல்லோணும், லோயருக்கும் சொல்லோணும். ஒரு இடத்துக்குச் சொன்னா மற்ற இடத்துக்குத் தானாப் போகாது. பேஸ்மென்ட் எண்டா அட்ரஸில பேஸ்மென்ட் எண்டு போடுங்கோ, தபால் பெட்டியில உங்கட பெயரை டேப் ஒட்டி எழுதுங்கோ, மேல் வீட்டு அக்காவிட்ட பிரவுன் என்வலப் வந்தா உடன ஒரு வாட்ஸ்அப் போடச் சொல்லி வையுங்கோ. ஹியரிங்குக்குப் போகாமல் விட்டா அஞ்சு வேலை நாளுக்குள்ள இன்னொரு ஹியரிங் வைச்சு, கேஸைக் கைவிட்டதா எடுக்கட்டோ எண்டு கேட்பினம், அதுக்கும் நீங்க போகேல்லை எண்டா கதை முடிஞ்சுது. ஒரு டொலர் கடையில மடிப்பு மடிப்பா வாற ஃபைல் ஒண்டு வாங்குங்கோ, ஒரு ஆளுக்கு ஒரு மடிப்பு, வாற எல்லாப் பேப்பரையும் ஃபோனில படம் எடுத்து உங்களுக்கே ஈமெயில் போடுங்கோ.

கேஸ் எடுத்த உடன தாற பேப்பர்தான் இப்போதைக்கு உங்கட அடையாள அட்டை. அதோட ஐஎஃப்எச்பி எண்ட மத்திய அரசு மருத்துவக் காப்புறுதி வரும், டொக்டர், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அதுதான், ஓஹிப் எண்ட மாகாண மருத்துவ கார்ட் கேஸ் வெண்ட பிறகுதான். 2025 பட்ஜெட்ல, மருந்துக்கும் பல்லு, கண்ணாடி மாதிரி விசயங்களுக்கும் நாங்களும் ஒரு பங்கு கட்டோணும் எண்டு அறிவிச்சவை, ஆனா டொக்டரைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்குப் போக காசில்லை. எல்லா டொக்டரும் ஐஎஃப்எச்பி எடுக்கமாட்டினம், அப்பொயின்ட்மென்ட் போட முதல் ஃபோனில கேளுங்கோ. கொம்யூனிட்டி ஹெல்த் சென்டர் எண்டு இருக்கிற இடங்களில ஓஹிப் இல்லாத ஆக்களையும் பார்ப்பினம்.

இமிக்ரேஷன் மெடிக்கலை, அவையின்ர லிஸ்ட்ல இருக்கிற டொக்டரிட்ட, சொன்ன நாளுக்குள்ள செய்யுங்கோ, அது செய்யாமல் வேர்க் பெர்மிட் வராது. வேர்க் பெர்மிட்டுக்கு அகதிக் கேஸ் ஆக்களுக்கு ஃபீஸ் இல்லை, ஃபோமில வேணும் எண்டு போட்டிருந்தாச் சரி. அது வந்தா சேர்விஸ் கனடாவுக்குப் போய் சின் நம்பர், வேலைக்கு வேண்டிய சமூகக் காப்புறுதி இலக்கம். ஒன்பதில தொடங்கும், பயப்பிடாதேங்கோ, தற்காலிகமா இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான்.

கையில காசில்லாட்டி ஒன்ராறியோ வேர்க்ஸ், எங்கட ஆக்கள் வெல்ஃபெயர் எண்டு சொல்லுறது. அகதிக் கேஸ் ஆக்களுக்கும் உரிமை இருக்குது, தனி ஆளுக்கு மாசம் 733 டொலர்தான், இந்த ஊர் வாடகைக்கு அது ஒரு மூலைக்கும் காணாது, எண்டாலும் பிள்ளையள் இருந்தாக் கொஞ்சம் கூடும். வெல்ஃபெயர் எடுத்தா கேஸ் பாதிக்கும் எண்டு கோயிலடியில ஒரு கதை உலாவுது, அது பிழை, அகதி எண்டு முடிவு செய்யிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. படுக்க இடமில்லாட்டி ரொறன்ரோ சிட்டியின்ர சென்ட்ரல் இன்டேக், 416-338-4766, எந்த நேரமும். முதல் அடியிலயே இடம் கிடைக்காமல் போகலாம், திரும்பத் திரும்ப அடிக்கோணும், மனசு விடாதேங்கோ. சைல்ட் பெனிஃபிட் கேஸ் வெண்ட பிறகுதான். ஆனா டாக்ஸ் மட்டும் முதல் வருஷத்தில இருந்தே ஃபைல் பண்ணுங்கோ, வருமானம் இல்லாட்டியும், ஜிஎஸ்டி காசு அதாலதான் வரும், மார்ச் ஏப்ரல்ல இலவசமாச் செய்து குடுக்கிற இடங்கள் இருக்குது.

பள்ளிக்கூடம் லேசு. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின்ர 49.1ஆம் பிரிவு, பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையை, பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ பேப்பர் இல்லை எண்டு சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது எண்டு சொல்லுது. வீட்டு அட்ரஸ், பிறப்புப் பத்திரம், ஊசி போட்ட கார்ட், இவ்வளவோட போங்கோ. ஒஃபிஸில இருக்கிற ஆள் முகத்தைச் சுழிச்சா "ஃபோர்ட்டி நைன் பொயின்ட் வன்" எண்டு சொல்லுங்கோ, பிரின்சிப்பல் வெளியில வருவார். பெரிய ஆக்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு: லிங்க் எண்டு சொல்லுறது அகதிக் கேஸ் முடியாத ஆக்களை எடுக்காது, ஸ்கூல் போர்ட் நடத்துற ஈஎஸ்எல் வகுப்பு எடுக்கும். இது தெரியாமல் ஒரு இடத்தில இல்லை எண்டு சொன்ன உடன ரெண்டு வருஷம் வீட்டில இருந்தவையைக் கண்டிருக்கிறன்.

வீடு எடுக்கிறதில ஏமாத்து கூட, அதுவும் எங்கட ஆக்களே எங்கட ஆக்களை. ஃபேர்ஸ்ட் அண்ட் லாஸ்ட், அதாவது முதல் மாசமும் கடைசி மாசமும், அதுக்கு மேல கேட்க சட்டத்தில இடமில்லை. ஆறு மாச வாடகை முன்னுக்குத் தா, டமேஜ் டெபொசிட் தா, பன்னிரண்டு செக் எழுதித் தா, இதொண்டும் கட்டாயப்படுத்த ஏலாது. வெல்ஃபெயர் காரருக்கு வீடு இல்லை எண்டு சொல்லுறதும் மனித உரிமைச் சட்டத்தில பிழை. காசாக் குடுத்தா ரசீது கேளுங்கோ, அண்ணைதானே, ஒரே ஊர்தானே எண்டு விடாதேங்கோ, ஈ-ட்ரான்ஸ்ஃபர் எண்டா இன்னும் நல்லது. எழும்பச் சொன்ன உடன எழும்பத் தேவையில்லை, மகனுக்கு வீடு வேணும் எண்டாலும் என்12 எண்ட பேப்பர், அறுபது நாள், ஒரு மாச வாடகை நட்டஈடு, அதுக்கும் நீங்க ஒத்துக்கொள்ளாட்டி வாடகைச் சபைதான் முடிவு செய்யும். பூட்டை மாத்துறது, ஹீட்டை நிப்பாட்டுறது எல்லாம் சட்டவிரோதம். ஆனா ஒரு பொறி இருக்கு, குசினியையோ பாத்ரூமையோ வீட்டுச் சொந்தக்காரரோட பங்கு போட்டு இருந்தீங்களெண்டா இந்தச் சட்டம் ஒண்டும் உங்களுக்கு இல்லை. வீடு பார்க்கப் போகேக்க குசினி எங்க எண்டு பாருங்கோ, பெயின்டைப் பாக்காதேங்கோ.

வேலை எண்டா, 2025 ஒக்டோபரில ஒன்ராறியோவில ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர் ஆச்சுது, கிழமைக்கு 44 மணிக்கு மேல எண்டா ஒண்டரை மடங்கு. "உனக்குப் பேப்பர் இல்லை, பத்து டொலர்தான்" எண்டு சொல்லுறது சட்டமில்லை. வேலைச் சட்டம் உங்கட பேப்பரைப் பார்த்துப் பொருந்துறதில்லை, கையில காசாத் தந்தாலும் பொருந்தும். எத்தினை மணிக்குப் போனது, எத்தினை மணிக்கு வந்தது எண்டு கலண்டரில எழுதுங்கோ, ரெண்டு வருஷத்துக்குள்ள தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு வைக்கலாம். பாஸ்போட்டை முதலாளி வாங்கி வைக்க ஏலாது.

ஹியரிங்குக்கு வருவம். 2025ல ஐஆர்பியில காத்துக் கிடந்த கேஸ் ரெண்டரை லட்சத்துக்கு மேல, அதால கன காலம் எடுக்கும், அந்தக் காலத்தில சாட்சிப் பேப்பர் சேருங்கோ. எல்லாம் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்த ஆளின்ர கையெழுத்தோட, ஹியரிங்குக்குப் பத்து நாளுக்கு முதல் போய்ச் சேரோணும், பிஓசியில திருத்தம் எண்டாலும் அப்படித்தான். பெரும்பாலும் கம்ப்யூட்டரில வீடியோவாத்தான் நடக்கும், வீட்டில சத்தம், இன்டர்நெட் சரியில்லை எண்டா நேர வாறம் எண்டு கேட்கலாம். ரொறன்ரோவில எஃப்சிஜே ரெஃப்யூஜி சென்டர், முதலே ஹியரிங் எப்படி நடக்கும் எண்டு ஆக்களுக்குக் காட்டி விளங்கப்படுத்தும், கட்டாயம் போங்கோ. சித்திரவதை பட்டவை, நித்திரை இல்லாமல் கஷ்டப்படுறவை சிசிவிடி எண்ட நிலையத்துக்குப் போங்கோ, 1977ல இருந்து இந்த வேலைதான் செய்யினம்.

இன்டர்பிரெட்டர் இலவசம். ஃபோமில சும்மா தமிழ் எண்டு போடாமல் இலங்கைத் தமிழ் எண்டு போடுங்கோ, "பேந்து", "மெய்யே" எல்லாம் மற்ற ஆளுக்கு விளங்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா "அண்ணாவை ஆர்மி பிடிச்சது" எண்டு சொல்ல, அதை பிரதர் எண்டு மொழிபெயர்க்க, மெம்பர், அதுதான் ஹியரிங்கில முடிவு எடுக்கிற ஆள், ஃபோமைத் தட்டிப் பார்த்து "உங்களுக்குச் சகோதரமே இல்லை எண்டு எழுதியிருக்கே" எண்டு கேட்டார். அது பெரியம்மாவின்ர மகன். அந்தச் சொல்லில அரை மணித்தியாலம் போச்சுது. அதால ஆர் எண்டாலும் "பெரியம்மாவின்ர மகன், நான் அண்ணா எண்டு கூப்பிடுறனான்" எண்டு முழுக்கச் சொல்லுங்கோ. அதே அம்மாவிட்ட எந்த மாசம் எண்டு கேட்க, "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரெண்டு நாள் முதல்" எண்டா. அது நல்ல பதில்! தெரியாத திகதியை ஊகிச்சுச் சொல்லுறதை விட, தெரிஞ்ச மாதிரிச் சொல்லுங்கோ, தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுங்கோ. இன்டர்பிரெட்டர் பிழையாச் சொல்லுறார் எண்டு பட்டா அந்த இடத்திலயே கையைத் தூக்குங்கோ, வீட்டை வந்து அழுது பிரயோசனமில்லை. பொம்பிளையள் பொம்பிளை மெம்பர், பொம்பிளை இன்டர்பிரெட்டர் வேணும் எண்டு முதலே கேட்கலாம்.

இதோட சேர்த்து ஒண்டு, வீட்டுக்குள்ள மனுசனிட்ட அடி வாங்கிக்கொண்டு இருக்கிற பொம்பிளைப் பிள்ளையளுக்கு. "நான்தான் உன்னை ஸ்பொன்சர் பண்ணினது, பொலிசுக்குப் போனா திருப்பி அனுப்புவன்" எண்டு அவர் சொல்லுறது பொய். முந்தி ரெண்டு வருஷம் சேர்ந்து இருக்கோணும் எண்டு ஒரு நிபந்தனை இருந்தது, 2017ல அதை எடுத்துப்போட்டினம். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எண்டா பிஆர்தான். கேஸ் அவரோட சேர்ந்து இருந்தாலும் லோயரிட்டத் தனியாக் கதைச்சுப் பிரிக்கலாம். அடி வாங்குற பொம்பிளையளுக்கான உதவி லைன் 1-866-863-0511, தமிழில கதைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தெண்டா 911, "டமில்" எண்ட ஒரு சொல்லுக் காணும்.

கேஸ் இல்லை எண்டு வந்தா எழுத்தில காரணம் வந்த நாளில இருந்து பதினைஞ்சு நாள், அதுக்குள்ள மேன்முறையீட்டு நோட்டீஸ் போகோணும், அண்டைக்கே லோயருக்கு அடியுங்கோ. மேன்முறையீட்டு உரிமை இல்லாத கேஸுகளும் இருக்கு, அவை ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதுக்கும் பதினைஞ்சு நாள்தான். சிபிஎஸ்ஏ ஆளைப் பிடிச்சு வைச்சா லோயரைக் கூப்பிட உரிமை இருக்கு, நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ள, பிறகு ஏழு நாளுக்குள்ள, பிறகு முப்பது நாளுக்கு ஒருக்கா ஏன் பிடிச்சு வைச்சிருக்கு எண்டு பார்த்தே ஆகோணும்.

வெண்டா, பிஆருக்குப் போடேக்க ஊரில இருக்கிற மனுசி பிள்ளையளையும் அதே ஃபோமிலயே போடுங்கோ. பிள்ளையின்ர வயசை நீங்க அகதி கேட்ட நாளில பார்ப்பினம், அண்டைக்கு இருபத்திரண்டுக்குக் கீழ, கலியாணம் கட்டாமல் இருந்தாச் சரி.

பிஆர் கையில வந்த உடனதான் ஆக்கள் பெரிய பிழை விடுறது. தங்கச்சிக்குக் கலியாணம், அம்மாக்கு ஏலாது, ஊருக்குப் போட்டு வருவம் எண்டு தூதரகத்தில இலங்கைப் பாஸ்போட் புதுப்பிச்சு பிளேன் ஏறுறது. 2012ல மாத்தின சட்டத்தின்படி, பயம் எண்டு சொன்ன நாட்டின்ர பாஸ்போட்டை எடுத்தாலோ அங்க போனாலோ அகதி நிலையை எடுக்கச் சொல்லி அரசாங்கம் கேட்கலாம், அது போனா பிஆரும் சேர்ந்து போகும், எத்தினை வருஷம் இருந்தாலும். அகதிப் பயணப் பத்திரம் எண்டு நீல நிறப் புத்தகம் ஒண்டு தருவினம், அதில இலங்கையைத் தவிர மற்ற இடங்களுக்குப் போகலாம், தாய் தகப்பனை இந்தியாவுக்குக் கூப்பிட்டுச் சந்திக்கிற ஆக்கள் இருக்கினம். சிட்டிசன்ஷிப்புக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள 1095 நாள் இங்க நிண்டிருக்கோணும், கேஸ் வெண்ட பிறகு பிஆர் வரும் வரைக்கும் இருந்த நாளும் அரைக் கணக்கில சேரும். அந்த நாளை எண்ணிக்கொண்டு இருங்கோ, தங்கச்சியின்ர கலியாணத்தை சூமில பாருங்கோ.